ஆடியோ புத்தகம் வாசிக்க எந்த டேப்லெட்?

வீட்டிலேயே ஆடியோ புத்தகம் பதிவு செய்யத் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது மைக்கைப் பற்றித்தான். என்ன மைக், என்ன விலை, யூஎஸ்பி போதுமா, மைக்கையும் கணினியையும் இணைக்கத் தனியாக இன்டர்ஃபேஸ் பெட்டி வேண்டுமா. எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் எதைப் பார்த்து வாசிக்கப்போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால், "புத்தகம் இருக்குதுங்களே, இல்லாட்டி லேப்டாப்புல பார்த்துக்கறேனுங்க" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். பாதி வேலை அங்கேதான் இருக்கிறது. மைக்கை ஒருமுறை சரியான இடத்தில் வைத்துவிட்டால் அது பாட்டுக்கு இருக்கும். கண்முன் இருக்கும் பக்கமோ வரிக்கு வரி நம் உடம்பை அசைத்துக்கொண்டே இருக்கும். எழுத்து பொடியாக இருந்தால் கழுத்து தானாக முன்னால் போகும். வாய் மைக்கை நெருங்கினால் குரலில் அடிக்கனம் ஏறும். அடுத்த பத்தியில் பின்னால் சாய்ந்தால் அதே குரல் மெலிந்து கேட்கும். பக்கம் மடியில் இருந்தால் முகவாய் இறங்கித் தொண்டை மடங்கும். ஒரு மணி நேரம் அப்படி வாசித்தால் கேட்கிறவருக்கே நம் களைப்பு தெரிந்துவிடும்.

நான் இருப்பது பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவில், நாலு பக்கமும் தறிக்குடோன் இருக்கும் ஊரில். பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு சிறு பதிப்பகத்துக்கு நாவல்கள் வாசிக்கிறேன். பார்வையற்ற கல்லூரி மாணவர்கள் சிலருக்குப் பாடநூல்களும் வாசித்துக் கொடுக்கிறேன். (2012ல் திருத்திய காப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடிய வடிவத்துக்கு நூல்களை மாற்ற இடம் தருகிறது. பலருக்கு இது தெரியாததால் சொல்லி வைக்கிறேன். எல்லாருக்குமாக வெளியிடும் நாவல்கள் விஷயம் வேறு, அதற்கு உரிமையாளரின் அனுமதி கட்டாயம் வேண்டும்.)

பதிவு செய்யும் இடம் எங்கள் வீட்டின் பீரோ அறை. இரண்டு சுவரில் பவானி ஜமக்காளம் தொங்குகிறது, கதவுப்பக்கம் சென்னிமலை பெட்ஷீட் இரண்டு மடிப்பாக. இவையெல்லாம் அறைக்குள் குரல் எதிரொலிப்பதைக் குறைக்கும். வெளியே ஓடும் தறியின் சத்தத்தைத் தடுக்காது. அது தரை வழியாகவும் சுவர் வழியாகவும் வருகிற அதிர்வு, துணிக்கு அடங்காது. ஆடியோ புத்தகங்கள் விற்கும் ஆடிபிள் நிறுவனத்தின் ஏசிஎக்ஸ் தளம் கேட்கும் அளவைத்தான் நான் இலக்காக வைத்திருக்கிறேன்: பேசாதபோது இருக்கும் இரைச்சல் மைனஸ் 60 டெசிபெலுக்குக் கீழே, குரலின் சராசரி மைனஸ் 23க்கும் மைனஸ் 18க்கும் இடையே, உச்சம் மைனஸ் 3ஐத் தாண்டக் கூடாது. தறி ஓடும்போது முதல் நிபந்தனையே தேறாது.

அதனால் எங்கள் ஊரில் நல்ல பதிவு நேரம் என்பது கரண்ட் இல்லாத நேரம். மாதாந்திரப் பராமரிப்புக்காகத் துணை மின்நிலையத்தில் மின்சாரத்தை நிறுத்துவார்கள், முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும். காலையில் நின்றால் சாயங்காலம்தான் வரும். தறி ஓயும், போர் மோட்டார் ஓயும், பக்கத்து வீட்டு மிக்ஸி ஓயும். மயில் மட்டும் கத்தும், அதற்கு மட்டும் நிறுத்தி நிறுத்தி வாசித்துக்கொள்வேன். ஊரே புழுங்கிக்கொண்டு வெளித்திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்த நேரம்தான் எனக்கு ஸ்டூடியோ. என் தேவை இங்கிருந்தே தொடங்குகிறது: சார்ஜர் இல்லாமல் பகல் முழுக்கத் தாங்க வேண்டும், சத்தமே போடக் கூடாது. லேப்டாப்பில் ஃபேன் இருக்கிறது, சூடானால் சீறும். டேப்லெட்டில் ஃபேன் கிடையாது. பதிவு செய்யும் லேப்டாப்பை அறைக்கு வெளியே வைத்துவிட்டு வயரை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டால், உள்ளே சத்தம் போடும் பொருள் எதுவும் இருக்காது.

காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சுப் புத்தகம் எனக்கு மிகவும் பிடித்தமானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் தாள் புரளும் சத்தத்தை மைக் அப்படியே வாங்கும், தைத்த புத்தகம் விரித்த நிலையில் நிற்காது, ஒரு கை எப்போதும் அதற்கே போய்விடும். வாக்கியத்தின் நடுவில் பக்கம் முடிந்தால் தொனி அறுந்துவிடும்.

இனி அளவு. கடையில் எல்லாரும் சொல்வது அங்குலக் கணக்கு, குறுக்குக்கோட்டின் நீளம். வாசிப்பவருக்கு வேண்டியது அகலம். தமிழ் நாவல்கள் பெரும்பாலும் டெமி அளவு, ஏறக்குறைய ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், இல்லையென்றால் அதைவிடச் சிறிய கிரவுன். டெமி பக்கத்தின் ஸ்கேனை 10 அங்குல டேப்லெட்டில் நிமிர்த்தி வைத்துப் பார்த்தால் அச்சுப் பக்கத்தின் அளவிலேயே கிட்டத்தட்ட வந்துவிடும். அது போதும் என்று தோன்றும். போதாது. அச்சு எழுத்தின் அளவு, கையில் பிடித்து ஓரடி தள்ளிப் படிக்கிறவருக்காக வைத்தது. நமக்கோ வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி மைக், அதற்கும் பின்னால் டேப்லெட், ஆக இரண்டடிக்கு மேல் வந்துவிடும். அதே எழுத்து பாதியாகத் தெரியும். பதிப்பகம் ஏ4 தாளில் பிடிஎஃப் அனுப்பினால் நிலைமை இன்னும் மோசம், 10 அங்குலத் திரையில் அது மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும்.

இதற்கு எளிய வழி டேப்லெட்டைப் படுக்கவைத்து வாசிப்பது. சாம்சங் டேப் எஸ்6 லைட் 10.4 அங்குலம். படுக்கவைத்தால் அகலம் கிட்டத்தட்ட ஒன்பது அங்குலம், டெமி பக்கம் ஒன்றரை மடங்குக்கும் மேலே பெரிதாகத் தெரியும். ஒரு நேரத்தில் பக்கத்தின் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம் தெரியும், மீதியை விரலால் மேலே தள்ளிக்கொள்ள வேண்டும். ஐபேட் 10.2 அங்குலத்தைப் படுக்கவைத்தால் அகலம் எட்டு அங்குலத்தை ஒட்டி. எழுத்து கொஞ்சம் சிறிது, ஆனால் உயரம் அதிகம் என்பதால் கூடுதலாக மூன்று நான்கு வரிகள் தெரியும். இரண்டில் எது என்றால், கண்ணாடி போடுகிற எனக்கு எழுத்தின் பருமன்தான் பெரிது. இளம் கண்ணுள்ளவர்கள் ஐபேட் பக்கம் போகலாம், அதன் திரைக்கூர்மையும் அதிகம். எட்டு, எட்டே முக்கால் அங்குலத்தில் வரும் சிறிய டேப்லெட்டுகளை இந்த வேலைக்கு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், விலை எவ்வளவு குறைந்தாலும் சரி.

திரைக்கூர்மை தமிழுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் எழுத்தில் ஒரு புள்ளி இருந்தால் மெய், இல்லாவிட்டால் உயிர்மெய். கொம்பில் ஒரு சுழி கூடினால் குறில் நெடிலாகிவிடும். மங்கலான ஸ்கேனில் முதலில் காணாமல் போவது இந்தப் புள்ளியும் சுழியும்தான். சத்தமில்லாமல் படிக்கும்போது மனம் அதை நிரப்பிக்கொள்ளும். வாய்விட்டு வாசிக்கும்போது கண், நாக்கைவிட நாலைந்து சொல் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, நிரப்ப நேரமில்லை. ஒரு கணம் தயங்கினால் அந்தத் தயக்கம் பதிவாகிவிடும். அங்குலத்துக்கு 200 பிக்சலுக்குக் குறைவான திரை வேண்டாம். எஸ்6 லைட் 224, சாம்சங்கின் இன்னொரு டேப்லெட்டான டேப் ஏ9 பிளஸ் 206, ஐபேட் 264. அப்புறம், 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான புத்தகங்களில் ணை, லை, ளை, னை எல்லாம் பழைய துதிக்கைக் கொம்போடு இருக்கும், ணா, றா, னா மூன்றும் வளைந்து ஒட்டியிருக்கும். வயதான வாசகர்களுக்குப் பழக்கம் இருக்கும். மற்றவர்கள் அந்த மாதிரிப் பக்கங்களைப் பதிவுக்கு முந்தின நாள் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட வேண்டும்.

ஸ்கேன் இல்லாமல் யூனிகோடு (எந்தக் கருவியில் திறந்தாலும் எழுத்து மாறாமல் தெரியும் முறை) கோப்பாகவே கிடைத்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. பதிப்பகத்திடம் வெட்கப்படாமல் கேளுங்கள். "பிடிஎஃப் வேண்டாமுங்க, வேர்டு ஃபைல் குடுங்க" என்று சொன்னால் கொடுப்பார்கள். பழைய தட்டச்சாக இருந்தால் பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஏதாவது எழுத்துருவில் இருக்கும். டேப்லெட்டில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டிக்கிடக்கும். எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்துக்கொள்ளலாம், மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்க்க வேண்டும். பிறகு ஈபப் என்ற மின்நூல் வடிவமாக்கி மூன் பிளஸ் ரீடர் போன்ற செயலியில் திறந்தால் எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கலாம். நான் நோட்டோ செரிஃப் தமிழ் வைத்துக்கொள்கிறேன், தடிப்பும் மெலிவும் தெளிவாக இருப்பதால் ன, ண, ந மயங்காது. இன்னொரு சிறிய விஷயம், பலர் கவனிப்பதில்லை: இரு ஓரமும் சமமாக வரும் அமைப்பை நிறுத்திவிட்டு இடது ஓரம் மட்டும் நேராக வையுங்கள். தமிழில் சொற்கள் நீளம். பெரிய எழுத்தில் ஒரு வரிக்கு நாலு சொல்தான் நிற்கும், இரு ஓரமும் சமன் செய்தால் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய இடைவெளி விழும். கண் அங்கெல்லாம் நிற்கும், குரலும் கூடவே நிற்கும். பக்கம் பக்கமாகப் புரளும் அமைப்பைவிட மேலிருந்து கீழாக ஓடும் அமைப்பே நல்லது.

பேனா வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டும். நான் டேப் எஸ்6 லைட் எடுத்ததற்கு அகலம் பாதிக் காரணம், பேனா மீதிக் காரணம். எஸ் பென் என்ற அந்த சாம்சங் பேனா பெட்டியிலேயே வருகிறது, எழுத அதற்குச் சார்ஜ் தேவையில்லை. டேப் ஏ9 பிளஸ் திரை பெரிது, 11 அங்குலம், ஆனால் அதில் எஸ் பென் வேலை செய்யாது. பிடிஎஃப்பை ஸோடோ செயலியில் திறந்து முந்தின நாள் ராத்திரி குறி போட்டுக்கொள்வேன். சின்ன நிறுத்தத்துக்கு ஒரு சாய்கோடு, மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு வளைவு, வாக்கியம் முடிந்தாலும் தொனி இறங்கக் கூடாத இடத்தில் மேல்நோக்கிய அம்பு. பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் அடிக்கோடு. நாவலில் மூன்று பேர் கூடிப் பேசும் இடத்தில் யார் பேசுகிறார் என்பது பேச்சு முடிந்தபின்தான் எழுதியிருக்கும். நிறம் இருந்தால் முதல் சொல்லிலேயே குரல் மாறிவிடும். வேற்றுமொழிப் பெயர்களுக்கு மேலே ஓசையைக் குறித்துக்கொள்வேன், ஒரே க எத்தனையோ ஒலிக்கு நிற்கிறது.

நம் கொங்குப் பகுதிப் பேச்சு வரும் இடங்களுக்குப் பச்சை நிறம் ஒதுக்கியிருக்கிறேன். "வாங்க" என்று எழுதியிருந்தாலும் எங்கே "வாங்கோ" என்று நீள வேண்டும், எங்கே "சரிங்" என்று ஒற்றோடு நிற்க வேண்டும் என்பதை எங்கள் அம்மாயி பேசியதை நினைத்துத்தான் முடிவு செய்கிறேன். கடைசியில் வரும் அந்த "ங்" மிக மெல்லியது, மைக்கில் காணாமல் போய்விடும். அதனால் அந்த இடங்களில் வட்டம் போட்டிருப்பேன், வேகத்தைக் குறைக்கச் சொல்லும் குறி. கொங்குப் பேச்சைக் கேலியாகவே கேட்டுப் பழகிய காதுகளுக்கு அது மரியாதையாக விழ வேண்டும் என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு.

கிண்டில் ஸ்கிரைப் மாதிரி மின்தாள் கருவிகள் கண்ணுக்கு இதம், பேனாவும் உண்டு. ஆனால் வரி வரியாக நகர்த்துவது அதில் சுகப்படாது, பக்கம் மாறும்போது திரை ஒரு நொடி கலங்கும், கறுப்பு வெள்ளைத் திரையானால் நிறக் குறிகளும் தெரியாது. அமைதியாகப் படிக்க அதுதான் நல்லது, பதிவுக்கு இல்லை.

வாங்கக் கோவை கிராஸ்கட் ரோட்டுக்குத்தான் போனேன். என் மெயிலில் மூன்று பக்கங்கள் போட்டு வைத்திருந்தேன்: ஒரு பழைய நாவலின் ஸ்கேன், ஒரு ஏ4 பிடிஎஃப், ஒரு ஈபப். கடைத்தம்பி வழக்கம்போல, "ராம் எத்தனை ஜிபி வேணுங்க்கா?" என்றார். "அது எதுவானாலும் சரி கண்ணு, இந்தப் பக்கத்தைத் திறந்து அந்த ஸ்டாண்டுல வை" என்றேன். இரண்டடி தள்ளி நின்று வாய்விட்டு வாசித்தேன். அடுத்த டேப்லெட், அதே பக்கம், மறுபடி. நடுவில் அந்தத் தம்பி, "இதை யாருங்க்கா கேப்பாங்க?" என்று கேட்டார். பார்வை இல்லாத பிள்ளைகள் பரீட்சைக்குக் கேட்பார்கள் என்றேன். அதற்குப் பிறகு அவரே ஒவ்வொன்றாக எடுத்து வந்து வைத்தார், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக் காட்டினார், கடை விளக்கு திரையில் எங்கே பட்டுத் தெறிக்கிறது என்று ஸ்டாண்டைத் திருப்பிப் பார்த்தார். நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் இதைச் செய்யுங்கள். ராமும் ப்ராசஸரும் பிடிஎஃப் திறக்கப் பெரிதாகத் தேவைப்படாது. உங்கள் பக்கத்தை உங்கள் தூரத்தில் வைத்து, உங்கள் வாயால் படித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கியபின் எங்கே வைப்பது என்பதில் கொஞ்சம் நுட்பம் இருக்கிறது. டேப்லெட் என்பது ஒரு கண்ணாடிப் பலகை. மைக்குக்கு நேர் பின்னால் செங்குத்தாக வைத்தால் நம் குரல் அதில் பட்டுத் திரும்பி மைக்குக்குள் இரண்டாம் முறை நுழையும், குரல் டப்பாவுக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். மைக்கைவிடச் சற்று மேலே, கண்மட்டத்தில், மேல்விளிம்பு பின்னால் சாய்ந்தபடி வைத்தால் அந்தத் திருப்பம் கூரைப்பக்கம் போய்விடும். கழுத்தும் நேராக இருக்கும். இசைக்காரர்கள் நோட்டு வைக்கும் இரும்பு ஸ்டாண்டானால் தட்டின்மேல் ஒரு டர்க்கி டவலை மடித்துப் போட வேண்டும். எனக்கு, கணபதியில் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பா மகன் சுவரில் திருகும் ஒரு கம்பியும் பிடிப்பும் செய்து கொடுத்தான். தரையில் எதுவும் நிற்காததால் தரை அதிர்வு நேராக ஏறுவதில்லை. திரைக்கு மேட் ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறேன். எழுத்தின் கூர்மை இம்மியளவு குறையும், ஆனால் விளக்கொளி தெறிக்காது, விரல் தள்ளும்போது கீச்சென்ற சத்தமும் வராது. நகம் படாமல் விரல் சதையால் தள்ளப் பழகிக்கொள்ளுங்கள், அதுவும் வாக்கியம் முடிந்து மூச்சு எடுக்கும் இடைவெளியில்.

பதிவுக்கு முன்னால் ஏரோப்ளேன் மோடு. வாட்ஸ்அப் ஒலியை மட்டும் நிறுத்தினால் போதாது, சிம் உள்ள கருவி டவரைத் தேடும்போது மைக் வயரில் டிட்டிட்டென்று ஓர் இரைச்சல் ஏறக்கூடும். திரை தானாக அணையும் நேரத்தை, இருப்பதிலேயே அதிகமான அளவுக்கு வையுங்கள். திரை தானாகத் திரும்புவதையும் பூட்டிவிடுங்கள். சார்ஜரில் போட்டபடி வாசிக்க வேண்டாம், மலிவான சார்ஜர்கள் ஒரு மெல்லிய ரீங்காரத்தைக் கொண்டுவரும்.

வெயில் காலம் நம் பக்கம் தனிப் பிரச்சினை. சித்திரையில் ஃபேன் போடாமல் மூடிய அறையில் இருந்தால் ஆளே வதங்கிப்போவோம், கருவியும் அப்படித்தான். ஐபேடை 35 டிகிரிக்குள் இருக்கும் இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். ஈரோடு, கரூர்ப் பக்கம் வெளியே 40ஐத் தொடும்போது மூடிய அறை எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சூடு ஏறினால் திரை தானாகவே மங்கும். வெளிச்சத்தை முதலிலிருந்தே பாதிக்குக் கீழே வைத்து, அறையில் ஒரு சிறு எல்ஈடி விளக்கு போட்டுக்கொண்டால் கண்ணுக்கும் நல்லது, பேட்டரியும் நிற்கும். நாற்பது நிமிடம் வாசித்துவிட்டுக் கதவைத் திறந்து, நீங்களும் தண்ணீர் குடித்து, டேப்லெட்டையும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் இடுக்கில் விசிலடிக்கும், அதற்கு இடுக்கில் துணி திணிப்பதுதான் வழி. மாரியம்மன் நோம்பி வந்தால் ஒலிபெருக்கி ஓயும்வரை பதிவைத் தள்ளிவைத்துவிட்டு, அந்த நாட்களைக் குறி போடும் வேலைக்கு வைத்துக்கொள்கிறேன்.

பழைய டேப்லெட் வாங்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. வாங்கலாம், ஆனால் இரண்டைப் பாருங்கள்: முழுச் சார்ஜில் திரை எரிந்தபடி நாலைந்து மணி நேரம் தாங்குகிறதா, உங்களுக்கு வேண்டிய செயலி இன்னும் அதில் ஏறுகிறதா. பழைய ஐபேடுகளில் இரண்டாவதுதான் தகராறு செய்யும். பேட்டரி உப்பித் திரை தூக்கியிருந்தால் தொடவே வேண்டாம். குறி போட்ட கோப்பை மட்டும் போனிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் நிற்கும் நாளில் டேப்லெட் மக்கர் செய்தால் அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.